கனமழைக்கு அடுத்த நாள் காலை, யாழ்ப்பாண வளவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை குடாநாட்டில் இதே கேள்விகள்தான். இரவிரவாகக் கொட்டிய மழை விடியப்போகிற நேரம் விட்டிருக்கும். ஆட்கள் வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் இறங்குவார்கள். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்: வாழை விழுந்துவிட்டது, கிணறு முட்டிவிட்டது, பப்பாசி வாடுகிறது, என்ன செய்ய? என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். இன்றைக்குச் சுற்றிப் பாருங்கள், மண்வெட்டியைத் தொடாதீர்கள். மழை விட்ட கையோடு வெட்டி, கொத்தி, பசளை போட்டுக் கெடுத்த வளவுகளை நிறையப் பார்த்தாயிற்று. உடனே செய்ய வேண்டியவையும் சில உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எத்தனை மணிக்கு இறங்கலாம்?

நிலம் தெளிவாகத் தெரிகிற வெளிச்சம் வந்த பிறகு. கார்த்திகை, மார்கழியில் ஆறேகால், ஆறரை ஆகும். மழை விட்டும் தூவானம் விடாத காலைகளில் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். டோர்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பதில் பலன் இல்லை. வெள்ளம் நிற்கிற நிலத்தில் எது குழி, எது வரம்பு என்று தெரியாது.

வெறுங்காலோடு போகலாமா? சேறுதானே, கழுவினால் போகிறது.

போகக்கூடாது. சேறு கழுவினால் போகும், எலிக்காய்ச்சல் போகாது. எலியின் சிறுநீரில் வருகிற பக்டீரியா தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு கிடக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு, நகக்கண் புண் வழியாகவே உள்ளே போய்விடும். 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த பிறகு, டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் ஒரு காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் பயந்தோம். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

அதனால் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மூடின சப்பாத்து. வெறும் பாட்டாச் செருப்பு சேற்றில் கழன்று ஆளை விழுத்திவிடும். கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். வயதானவர்கள் இடுப்பு உடைக்கிற இடம் அதுதான்.

வெள்ளத்தில் நின்றவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோ, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால், பரசிட்டமோலைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். வைத்தியரிடம் போய் "வெள்ளத்துக்குள் நின்றேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் சிகிச்சையை மாற்றும்.

முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது?

மேலே. எல்லோரும் குனிந்து வெள்ளத்தைப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே பாதி முறிந்து தொங்குகிற முருங்கைக் கொப்பு, காற்றில் கழன்ற காவோலை, நனைந்து பாரமான தென்னோலை, வயர். வயர் அறுந்து நிலத்திலோ வேலியிலோ கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள். ஈர வேலிக் கம்பியிலும் மின்சாரம் பாயும். தண்ணீர் மோட்டர் நனைந்திருந்தால் சுவிட்சில் கை வைக்க வேண்டாம். மெயினை நிறுத்துங்கள்; அது காய்ந்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்த பிறகு போடலாம்.

வளவுக்குள் கணுக்கால் அளவு வெள்ளம். ஒழுங்கைக்கு வாய்க்கால் வெட்டி விடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டுவது. வெள்ளம் வீட்டுக்குள் ஏறுகிறதென்றால் வெட்டுங்கள், அதில் கதை இல்லை. மற்றபடி விட்டுவிடுங்கள்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு ஒன்றுதான் ஆறு என்று பெயருக்கு. அதுவும் மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் முழுக்க நிலத்தடி நீர். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. அதற்கும் கீழே கடலோடு தொடர்புள்ள உப்புத் தண்ணீர். நன்னீர் பாரம் குறைந்ததால் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் ஒழுங்கைக்கு வெட்டி விடுகிற தண்ணீர் எங்கே போகிறது? ஒழுங்கையால் றோட்டுக்கு, றோட்டால் வாய்க்காலுக்கு, வாய்க்காலால் கடலுக்கு. சித்திரை, வைகாசியில் கிணறு உவர்க்கிறது என்று கவலைப்படுகிற அதே ஆள்தான் கார்த்திகையில் வெட்டி விடுகிறார்.

கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் வளவென்றால் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். கடற்கரையை ஒட்டிய தாழ்ந்த நிலம், களிமண் நிலம் என்றால் நாளெடுக்கும். அங்கே வளவின் மூலையில் ஒரு குழி வெட்டி, கல்லும் சல்லியும் நிரப்பி, கூரைத் தண்ணீரை அதற்குள் விடலாம். குழி கிணற்றுக்கும் மலக்குழிக்கும் தள்ளி இருக்க வேண்டும். அதைக்கூட கோடையில்தான் வெட்ட வேண்டும், இன்றைக்கு இல்லை.

முன்பு இப்படி நிற்காதே, இப்போது ஏன் நிற்கிறது?

மதில். கிடுகு வேலியும், உயிர்த்தடி ஊன்றிய கதியால் வேலியும் இருந்த காலத்தில் தண்ணீர் ஒரு வளவால் இன்னொரு வளவுக்குப் போய்க் கடைசியில் குளத்தில் சேர்ந்தது. இப்போது ஆளுக்கொரு மதில், போதாததற்கு முற்றம் முழுக்க சீமெந்துக் கல். குளங்களையும் வாய்க்கால்களையும் நிரவி வீடு கட்டியதைப் பற்றி நான் வேறு சொல்லத் தேவையில்லை. மதில் அடியில் தண்ணீர் போக ஓட்டை விடுங்கள் என்று அயலவரிடம் கேட்பதென்றால் மழை விட்ட காலையில் கேட்க வேண்டாம். அன்றைக்கு எல்லோருக்கும் கோபம்.

கிணறு கட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. குடிக்கலாமா? இறைத்துவிடலாமா?

தண்ணீர் ஊற்றால் ஏறியதா, வெள்ளம் மேலால் விழுந்ததா என்று முதலில் பாருங்கள். கட்டின் உட்புறத்தில் சேற்று வழிசல் இருந்தாலோ, தண்ணீரில் சருகும் குப்பையும் மிதந்தாலோ வெள்ளம் உள்ளே போயிருக்கிறது. ஆனால் தெளிவாக இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு தண்ணீரை வடிகட்டாது. மலக்குழி நிரம்பினால் அதன் நீர் அப்படியே கிணற்றுக்கு வரலாம், அது உங்கள் மலக்குழியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆகவே குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். கிருமி சாகும். பசளையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருகிற நைத்திரேற்று போகாது, கொதித்து வற்றினால் கூடும். வலிகாமத்துத் தோட்டக் காணிகளுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தப் பக்கம் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதென்றால் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, பாதுகாப்பானது என்று தெரிந்த தண்ணீரை எடுங்கள்.

இறைக்க வேண்டாம். சுற்றியுள்ள நிலம் தண்ணீரில் ஊறி, கிணற்றுக் கட்டினை வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீர்தான் எதிர்த்துத் தாங்குகிறது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக வெறுமையாக்கினால் பழைய கட்டு இடிந்து உள்ளே விழலாம். எப்படியும் இறைத்த அளவு மறுபடி ஊறும். மட்டம் இறங்கிய பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடுவார். கையளவு கண்ணளவில் நீங்களே போட வேண்டாம்.

வாழை, பப்பாசி, முருங்கை எல்லாம் சாய்ந்துவிட்டன. நிமிர்த்தலாமா?

மூன்றும் மூன்று மாதிரி.

வாழை குலையோடு சாய்ந்து வேர் பாதி நிலத்திலேயே இருந்தால் முட்டுக் கொடுங்கள். நிமிர்த்தி இழுக்க வேண்டாம், இருக்கிற வேரும் அறும். கவர்க்கம்பு இரண்டைக் கத்தரிபோலக் கட்டி, சாய்ந்த பக்கம் ஊன்றினால் போதும். முழுதாக விழுந்துவிட்டால் காய் முற்றியிருந்தால் குலையை வெட்டுங்கள். மொந்தன் என்றால் பிஞ்சும் கறிக்கு ஆகும், கதலிப் பிஞ்சில் பொரியல் செய்யலாம். அடியில் குட்டி இருக்கும், வளவுக்கு நட்டமில்லை.

பப்பாசிதான் பாவம். வேர் தண்ணீரில் ஒரு நாள், இரண்டு நாள் நின்றாலே அழுகத் தொடங்கும். மண் நிறையத் தண்ணீர் இருக்க, இலைக்காம்புகள் மட்டும் கீழே தொங்கும். அதைக் கண்டு தண்ணீர் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள்! தண்டின் அடியைப் பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிழைக்க வழியுண்டு. அடியைச் சுற்றி நிற்கிற தண்ணீரை மட்டும் மெல்லக் கீறி வடிய விடலாம். விரல் பதிந்து, தோல் வழுக்கி, புளித்த மணம் வந்தால் காயைப் பறித்துக் குசினிக்குக் கொண்டுபோங்கள். மரம் முடிந்தது. அதே குழியில் திரும்பப் பப்பாசி வைக்க வேண்டாம், மேடு போட்டு வேறு இடத்தில் வையுங்கள்.

முருங்கை முறிவது அதன் சுபாவம். மரம் மென்மை, காற்றுக்குத் தாங்காது. முறிந்த இடத்துக்குக் கீழே, நெஞ்சளவு உயரத்தில் சரிவாக வெட்டிவிட்டால் துளிர்க்கும். வெட்டுவதும் மரம் காய்ந்த பிறகுதான். முறிந்த தடியில் கைத்தடிமன் உள்ள துண்டுகளை நாலடி நீளத்துக்கு அறுத்து நிழலில் சாத்தி வைத்து, வெள்ளம் வடிந்த பிறகு நடலாம். ஒரு மரம் போன இடத்தில் அயலுக்கும் சேர்த்து மரம் வரும்.

மா மரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

கறுத்தக்கொழும்பானும் விலாட்டும் இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்தவை. முறிந்த கொப்பை மரம் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தியோடு சேர்ந்து பூஞ்சணமும் மரம் மரமாகப் போகும்.

இலைகள் மஞ்சளாகின்றன. யூரியா கொஞ்சம் தூவலாமா?

இப்போது வேண்டாம். மழைக்குப் பிந்திய மஞ்சள் இரண்டு வகை. வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் வருவது ஒன்று. மண் ஈரமாக இருக்கவே செடி வாடும். மற்றது தழைச்சத்து மழையோடு கீழே கழுவுப்பட்டுப் போனதால் வருவது. அது சில நாள் கழித்து, அடி இலைகளில் தொடங்கிச் சீராக மஞ்சளாகும். முதல் வகைக்குப் பசளை போட்டால் மூச்சுத் திணறுகிற செடிக்கு இன்னும் பாரம். இரண்டாம் வகைக்கும் நிலம் ஊறிக் கிடக்கும்போது போட்டால், அடுத்த மழை அதைக் கரைத்து நேரே உங்கள் கிணற்றுக்குக் கொண்டுபோகும். மேலே சொன்ன நைத்திரேற்றில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

மண் பொலபொலத்த பிறகு மக்கின எரு, மாட்டெரு, சாம்பல் கொஞ்சம். கத்தரி, மிளகாய்க்கு அதுவே போதும்.

பனங்கிழங்குப் பாத்திக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. கிழங்கு அழுகுமா?

நின்றால் அழுகும். அதனால்தான் நம் ஆட்கள் பாத்தியை நிலத்துக்கு மேலே உயர்த்திப் போடுவது. ஆவணி, புரட்டாதியில் பொறுக்கிய பனங்கொட்டையை மாரிக்கு முன் அடுக்கி, தை, மாசியில் கிண்டுவோம். இந்த இடைக்காலத்தில் பாத்திக்கு ஈரம் வேண்டும், குளம் வேண்டாம். உடனே செய்ய வேண்டிய வேலைகளில் இது ஒன்று: பாத்தியைச் சுற்றி மண் கரைந்து அணை கட்டியிருந்தால் ஒரு பக்கம் உழவாரத்தால் கீறி வடிய விடுங்கள். மேல்மண் கழுவுப்பட்டுக் கொட்டைகள் வெளியே தெரிந்தால் மண் போட்டு மூடுங்கள். அதற்கிடையில் ஒன்றிரண்டு கொட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கிற வெண்பருப்பான பூரானைச் சாப்பிடுகிற ஆசை வரும். தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கிழங்குக்குக் கணக்கு வைத்திருப்பவர் வீட்டில் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முருங்கை அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி. என்ன செய்வது?

மாரியோடு வருகிற சனியன். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும், இரவில் ஏறி இலையைத் தின்னும். பகலில் ஒரே இடத்தில் கிடப்பதுதான் நமக்கு வசதி. பழைய காலத்தில் தென்னஞ்சூள் கொளுத்தி வாட்டுவார்கள். அது மரப்பட்டையையும் வாட்டும், மதிலுக்கு அப்பால் அயலவர் உடுப்புக் காயப் போட்டிருந்தால் வேறு சண்டையும் வரும். சவர்க்காரத் தண்ணீரைக் கடுமையாகக் கரைத்து விசிறியடித்து, விழுபவற்றை மண்ணுக்குள் புதைப்பது போதும். நீளக்கை உடுப்புப் போட்டு, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள்.

மயிர் தோலில் பட்டால் தேய்க்க வேண்டாம். ஒட்டுகிற ரேப்பை ஒத்தி ஒத்தி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வைத்தியசாலை.

பெரிய நத்தைகள் சுவரெல்லாம் ஏறுகின்றன. உப்புப் போடலாமா?

நத்தை சாகும், அந்த இடத்து மண்ணும் சாகும். உப்புக்குப் பயந்துதான் இந்த ஊரில் தண்ணீரைச் சேமிக்கச் சொல்கிறோம், நாமே அள்ளிப் போடலாமா?

இது நம் ஊர் நத்தை இல்லை, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 1900 அளவில் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்டது. ஈரமும், ஓடு வளர்க்கச் சுண்ணாம்பும் இருந்தால் அதற்குப் போதும்; இரண்டும் இங்கே தாராளம். வெறுங்கையால் தொட வேண்டாம், மூளையைத் தாக்கக்கூடிய ஒரு புழு இதன் உடம்பில் இருக்கலாம். கையுறையோ பொலித்தீன் பையோ போட்டு, வெயில் ஏறும் முன் பொறுக்கி, நசித்து ஆழப் புதையுங்கள். பப்பாசித் தோலையும் கோவா இலையையும் ஈரச் சாக்குக்கு அடியில் இரவு வைத்தால் காலையில் அதற்குள் கூடியிருக்கும். தேடித் திரியத் தேவையில்லை.

பாம்பு?

வரும். பொந்துக்குள் வெள்ளம் போனால் அதுவும் மேடு தேடும். விறகு அடுக்கு, கிடுகுக் குவியல், கோழிக்கூடு, செங்கல் அடுக்கு, வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து: இவற்றுக்குள் கை காலை விட முன் தடியால் தட்டுங்கள். சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான் அதிகம், அவை பாட்டுக்குப் போகட்டும். சாரை எலி பிடிப்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. கண்ணாடிப் புடையன், சுருட்டை, நாகம், கட்டுவிரியன் இவைதான் ஆபத்து. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிப்பதுண்டு. கடித்ததே தெரியாமலும் போகும். மாரி காலத்தில் கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்பைக் கழற்றி, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு நேரே வைத்தியசாலைக்கு. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை, தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் நல்லது. "முதலில் பார்வை பார்ப்போம்" என்று, மந்திரிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் சொல்வார். அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

நுளம்புக்கு எப்போது பயப்பட வேண்டும்? வெள்ளத்தில்தானே முட்டையிடும்?

டெங்கு நுளம்புக்குப் பெரிய வெள்ளம் வேண்டாம், ஒரு சிரட்டை போதும். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் டெங்கு மார்கழி, தையில் உச்சத்துக்குப் போவது மாரியின் தொடர்ச்சிதான்.

ஆகவே இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. சுற்றி வரும்போதே கையில் ஒரு கடகம் கொண்டுபோங்கள். சிரட்டை, யோகட் கோப்பை, தகரம், கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பொறுக்குங்கள். பூச்சாடித் தட்டை ஊற்றினால் மட்டும் போதாது, தும்பால் தேய்க்க வேண்டும், முட்டை சுவரில் இருப்பதால். ஆட்கள் மறக்கிற இடங்கள்: மதில் மேல் பதித்த போத்தில் ஓடு, மூங்கில் தடியின் வெட்டு வாய், பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிற தண்ணீர்த் தாங்கி, அயலில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடு. கடைசியில் சொன்னது எங்கள் ஊரில் பெரிய தலையிடி. திறப்பு கனடாவில் இருக்கும், நுளம்பு இங்கே இருக்கும். கிணற்றுக்குள் கப்பி மீன் விடலாம்.

நிலத்தில் சிவப்பாக, பட்டுப் போல ஒன்று ஊர்கிறது. கடிக்குமா?

தம்பலப்பூச்சி. கடிக்காது. முதல் மழைகளுக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து மேலே வரும், சில நாளில் காணாமல் போய்விடும். குனிந்து பாருங்கள்: குன்றிமணி அளவு, எட்டுக் கால், உடம்பு முழுக்கக் குறுகிய மயிர் அடர்ந்து வெல்வெட் துணி மாதிரி. மயிர் இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் ஈர மண்ணில் ஊர்ந்தாலும் சேறு ஒட்டுவதில்லை. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு உருண்டையாகக் கிடக்கும், கொஞ்ச நேரம் பொறுத்தால் முன்கால் இரண்டை நீட்டித் தடவிப் பார்த்து நடக்கும். நெருப்புப் பெட்டிக்குள் பிடித்து வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு விட்டுவிடட்டும், சின்னப் பூச்சிகளையும் முட்டைகளையும் தின்று வளவுக்கு நன்மைதான் செய்கிறது.

மழை முடிந்ததும் வேலியில் கீரை நிறைய வந்திருக்கிறது. பறிக்கலாமா?

வெள்ளம் தொடாத உயரத்தில் உள்ளதைப் பறியுங்கள். முசுட்டை, தூதுவளை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான் எல்லாம் வேலியில் ஏறிப் படர்பவை, நல்ல தளிராக இருக்கும். முசுட்டையில் வறை, மற்றவற்றில் இலைக்கஞ்சி. குளிர் காலைக்கு அதைவிட வேறென்ன. சமைப்பதால் பயமில்லை.

நிலத்தோடு கிடக்கிற வல்லாரை வேறு கதை. அதைப் பச்சையாகச் சம்பல் போடுவோம். வெள்ளம் மூடிய வல்லாரையை, எத்தனை தண்ணீரில் அலசினாலும், சம்பலுக்கு எடுக்க வேண்டாம். பழையது போய்ப் புதுத் தளிர் வரட்டும். பொன்னாங்காணியை நன்றாக அவித்துச் சாப்பிடலாம்.

காளான் தெரியாதென்றால் விடுங்கள். முற்றத்துப் புல்லில் குடை மாதிரி விரிகிற வெள்ளைக் காளான் ஒன்று பார்க்க அருமையாக இருக்கும். முற்றியதும் அடிப்பக்கத்து மடிப்புகள் பச்சை படரும். அது வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

வேலியில் கார்த்திகைப் பூ பூத்திருக்கிறது. பிடுங்கிவிடவா?

ஏன்? இருக்கட்டும். வருடத்தில் இந்த மாதத்துக்கென்று வருகிறது, இந்த மண்ணில் அதற்கு ஒரு நினைவும் உண்டு. ஆனால் பூவும் இலையும் விதையும் கிழங்கும் முழுவதுமே நஞ்சு, கிழங்கு மிகக் கடுமை. வெள்ளம் மண்ணைக் கழுவிக் கிழங்கு வெளியே தெரிந்தால் மூடிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் கை கழுவுங்கள்.

மண் கழுவுப்பட்ட இடத்தில் துருப்பிடித்த இரும்பு ஒன்று தெரிகிறது.

தொடாதீர்கள், தட்டாதீர்கள், அலவாங்கால் கிண்டாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து, ஆட்கள் போகாமல் தூரத்தில் அடையாளம் வைத்து, பொலிசுக்கோ விதானையாருக்கோ சொல்லுங்கள். பழைய ஆணியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். போர் நடந்த மண்ணில் மழை எதை வெளியே கொண்டுவரும் என்று சொல்ல முடியாது.

தவக்கை இரவு முழுக்கக் கத்துகிறது. துரத்த வழி உண்டா?

இல்லை. இரண்டு மூன்று இரவு கத்தும், சோடி சேர்ந்ததும் ஓயும். ஈசலையும் நுளம்பையும் தின்னட்டும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். காலையில் வளவில் பார்க்க என்ன இருக்கிறது?

மேலே உள்ள பயமுறுத்தலையெல்லாம் படித்த பிறகு இந்தக் கேள்வி நல்ல கேள்வி. பூட்ஸைப் போட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். ஆறுமணிக்குருவியைத் தேடச் சொல்லுங்கள். ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து சித்திரை அளவில் திரும்பிப் போகிற குருவி. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. மாமரத்துக்குக் கீழே நனைந்த சருகை அலகால் புரட்டிப் புரட்டிப் புழு தின்னும். விடியவும் பொழுதுபடவும் கூப்பிடும். பிறகு புலுனிக் கூட்டம், வேலிக்குள் பதுங்கி நடக்கிற செண்பகம். இரவு விழுந்த பவளமல்லிகை சேற்றில் கிடக்கும். செவ்வரத்தை மழையிலும் பூத்திருக்கும். சிலந்தி வலைகள் நன்றாகத் தெரிவது இந்தக் காலைகளில்தான்.

கதியால் நட இது நல்ல நேரமா?

இதைவிட நல்ல நேரம் இல்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு எல்லாம் மாரி ஈரத்தில் சும்மா ஊன்றினாலே வேர் விடும். வெள்ளம் நிற்கிற இடத்தை மட்டும் தவிருங்கள். ஒரு விடயம்: நடும்போது அயலவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பழைய வரியிலேயே நடுங்கள். மாரிக்கு மாரி வேலி அரை அடி அரக்கி, கடைசியில் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சரி, மண்வெட்டியை எப்போது எடுக்கலாம்?

ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொத்திப் பாருங்கள். விரலிடுக்கால் தண்ணீர் கசிந்தால் இன்னும் நாளிருக்கிறது. உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் இறங்கலாம். ஈரத்தில் பாத்தியை மிதித்தால் மண் இறுகி, காய்ந்ததும் சீமெந்துதான். மிளகாய்க் கன்றின் வேர் அதற்குள் போகாது. செம்மண் வளவென்றால் மழை விட்ட மூன்றாம் நாள் அளவில் பதம் வரும். களிமண் என்றால் ஒரு கிழமையும் ஆகலாம். அதற்குள் அடுத்த தாழமுக்கம் வருகிறது என்று வானொலி சொன்னால், மண்வெட்டி கொட்டிலிலேயே கிடக்கட்டும்.